மாப்பிள்ளைக்குச் சொன்ன தண்ணீரை மாமனார் குடிக்கலாமா?

கேள்வி: கரூர் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 38. என் கணவர் எலக்ட்ரீஷியன். அவருக்கு இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எங்களோடு இருக்கும் என் அப்பா (68 வயது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்) அதைக் கேட்டதிலிருந்து, "மாப்பிள்ளைக்கு மூன்று என்றால் எனக்கு நான்கு" என்று தொடங்கிவிட்டார். காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர். பிறகு மணிக்கணக்கு அச்சடித்த இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு கோடு கோடாகக் குடித்து முடிக்கிறார். அது போதாதென்று சாப்பாட்டின்போது தனியாக. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதற்காக உப்பையும் ஏறக்குறைய விட்டுவிட்டார். இரவில் கஞ்சி மட்டும். நாலு முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறார். இரண்டு வாரமாகத் தலைசுற்றல் இருக்கிறது; பேத்தியைக்கூட வேறு பெயரில் கூப்பிட்டார். போன வாரம் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். எனக்கு நேர்மாறு: பள்ளியில் தண்ணீர் குடிப்பதே இல்லை, வருடத்தில் மூன்று நான்கு முறை நீர்க்கடுப்பு வருகிறது. ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எவ்வளவுதான் தண்ணீர் குடிக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வி கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. என்னைப் பதற வைத்தது நடுவில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: அப்பா பேத்தியை வேறு பெயரில் கூப்பிட்டார் என்பது. வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். இதைப் படிக்கிற அன்றே அவரை அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தத்தில் சோடியம் (சமையல் உப்பில் இருப்பது), பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சர்க்கரை நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை, பெரும்பாலான இடங்களில் அன்றைக்கே முடிவு வந்துவிடும். சோடியம் 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது இறங்கியிருக்கலாம் என்பது என் சந்தேகம். விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்கேன் வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், வலிப்பு, பேச்சில் பிதற்றல் இவற்றில் எது வந்தாலும் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

போகும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பெயரின் வாலில் 'எச்' என்றோ 'சி.டி.' என்றோ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் அந்த வால், ஹைட்ரோகுளோரோதையசைடு அல்லது குளோர்தாலிடோன் சேர்ந்திருப்பதைக் குறிக்கும். இரண்டும் சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியே தள்ளுகிற மருந்துகள். நல்ல மருந்துகள்தான், நானே தினமும் எழுதுகிறேன். ஆனால் வயதானவர், உப்பைக் கைவிட்டவர், தண்ணீரை அள்ளி ஊற்றுகிறவர் மூவரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் இவையே சோடியத்தைக் கவிழ்த்துவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். உப்பைக் கரைத்துக் குடிக்கவும் வைக்காதீர்கள். இறங்கிய சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைக்கு வேறு விதமான கேடு வரும். அது மருத்துவமனையில் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. பரிசோதனை முடிவு வரும்வரை அந்த ஐந்து மணி ஒன்றரை லிட்டரை மட்டும் நிறுத்துங்கள். தாகம் எடுத்தால் குடிக்கட்டும், சாப்பாட்டோடு குடிக்கட்டும்.

தண்ணீர் குடித்தால் உப்பு எப்படி இறங்கும் என்று அப்பா நிச்சயம் கேட்பார். கண்டக்டராக இருந்தவர் என்பதால் அவர் பாஷையிலேயே சொல்கிறேன். சிறுநீரகம் வெறும் தண்ணீரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பாத பஸ். ஒவ்வொரு லிட்டரிலும் கொஞ்சம் உப்பும், புரதத்தின் கழிவான யூரியாவும் பயணிகளாக ஏறியே ஆக வேண்டும். அந்தப் பயணிகள் சாப்பாட்டிலிருந்து வருகிறார்கள்: சோற்றிலும் குழம்பிலும் உள்ள உப்பு, பருப்பு, முட்டை, மீனில் உள்ள புரதம். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிற இளைஞனின் சிறுநீரகம் ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூட வெளியேற்றிவிடும். உப்பில்லாக் கஞ்சி குடிக்கிற பெரியவருக்குப் பயணிகளே குறைவு, பஸ்களும் குறைவு. குடித்த தண்ணீர் ஸ்டாண்டிலேயே தேங்கி இரத்தத்தில் கலக்கிறது; அங்கிருக்கும் சோடியம் நீர்த்துப்போகிறது. பிறகு தண்ணீர் மூளையின் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. தலைசுற்றல், தடுமாற்றம், பெயர் மாறுவது எல்லாம் அந்த வீக்கத்தின் வேலை.

நல்ல சிறுநீரகத்துக்கும் வேகத்தில் ஒரு எல்லை உண்டு. மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரைதான் அதனால் சமாளிக்க முடியும். அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் 2007இல் ஒரு வானொலி நிலையம், சிறுநீர் கழிக்காமல் யார் அதிகம் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று போட்டி வைத்தது. அதில் கலந்துகொண்ட 28 வயதுப் பெண் வீடு திரும்பிய சில மணி நேரத்தில் இறந்துபோனார். 2002 பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அதில் அதிகம் மாட்டினார்கள்.

நான் சிறுநீரக மருத்துவன். காலையில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவுக்குப் போவேன். அங்கே ஒருவர் அரை லிட்டர் பாட்டில் ஒன்றைத் தலைமாட்டில் வைத்திருப்பார். அந்த நாள் முழுவதற்கும் அவருக்கு அவ்வளவுதான். பாட்டில் மூடியில் ஊற்றி, மூடி மூடியாக, நாக்கில் வைத்துச் சப்பி விழுங்குவார். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டுவார். அவரிடம் "போன முறையைவிட இரண்டு கிலோ கூடியிருக்கிறதே, கள்ளத்தனமாகக் குடித்தீர்களா?" என்று கண்டித்துவிட்டு, மாலையில் கிளினிக்கில் கல் நோயாளியிடம் "இவ்வளவு குறைவாகக் குடித்தால் எப்படி ஐயா?" என்று கோபிப்பேன். ஒரே நாளில் ஒரே வாய் சொல்லும் இரண்டு கட்டளைகள். தண்ணீருக்கும் மருந்துச் சீட்டு உண்டு; அதன் தலைப்பில் ஒரு ஆளின் பெயர் எழுதியிருக்கிறது. உங்கள் வீட்டில் நடந்தது, கணவருக்கு எழுதிய சீட்டை அப்பா வாங்கி, அளவையும் ஏற்றிக்கொண்டது. நீங்கள் உங்கள் சீட்டை வாங்கவே இல்லை.

'தினமும் எட்டு டம்ளர்' எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் தேவை என்று எழுதியது. அதைத் தொடர்ந்து, இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்று இன்னொரு வாக்கியமும் எழுதியிருந்தது. முதல் வாக்கியம் உலகைச் சுற்றி வந்துவிட்டது, இரண்டாவது வாக்கியத்தை யாரும் சட்டை செய்யவில்லை. டார்ட்மத் மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக ஆய்வாளர் ஹைன்ஸ் வால்டின் இந்த எட்டு டம்ளருக்கு ஆதாரம் தேடிப் பழைய ஆய்வுகளையெல்லாம் புரட்டினார். ஆரோக்கியமான, மிதமான தட்பவெப்பத்தில் வாழும், பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்யும் பெரியவர்கள் அவ்வளவு குடித்தாக வேண்டும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2002இல் எழுதினார். இன்னொன்று, எந்த டம்ளர்? அமெரிக்கர்கள் சொன்னது 240 மில்லி கிளாஸ். என் வீட்டு எவர்சில்வர் காபி டம்ளரை ஒரு நாள் அளந்து பார்த்தேன், விளிம்பு வரை 150 மில்லிதான் பிடித்தது. பாட்டி வைத்திருந்த சொம்பில் ஐந்து டம்ளர் அடங்கியது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஆண்களுக்கு 2.5 லிட்டர், பெண்களுக்கு 2 லிட்டர் என்றது. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2004இல் 3.7, 2.7 என்றது. இரண்டுமே உணவில் வரும் தண்ணீரையும் காபி, டீ, பால், மோரையும் சேர்த்த மொத்தக் கணக்கு. நம் சாப்பாட்டில் அது கொஞ்சமல்ல. வெந்த சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். சுரைக்காய், பூசணி, வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. ரசம், மோர், நீராகாரம் இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று 23 நாடுகளில் 5,604 பேரின் உடலில் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வந்து போகிறது என்று அளந்தது. வயது, உடலுழைப்பு, வெயில், ஈரப்பதம் என்று ஒவ்வொன்றுக்கும் அது ஏறி இறங்கியது. எல்லாருக்கும் ஒரே எண் என்பதற்கு அதில் இடமே இல்லை.

இந்தக் கணக்கையெல்லாம் தினமும் போடுவது உடலின் வேலை. இரத்தத்தின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று, இரண்டு கூடினாலே மூளை கண்டுபிடித்துவிடும். முதலில் சிறுநீரகத்துக்கு 'சிக்கனமாக இரு' என்று ஹார்மோன் வழியே சொல்லி அனுப்பும். பிறகு நமக்குத் தாகத்தைக் கொடுக்கும். 'தாகம் எடுத்துவிட்டால் ஏற்கெனவே தாமதம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி ஆரோக்கியமானவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பெரியவர்கள் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம்: வயதாகும்போது தாக உணர்வு மந்தமாகிறது. இளைஞர்களையும் முதியவர்களையும் ஒரே அளவு நேரம் தண்ணீரில்லாமல் வைத்துப் பார்த்த 1984 ஆய்வில், முதியவர்களுக்கு உடல் அதிகம் வறண்டும் தாகம் குறைவாகவே எடுத்தது. ஆகவே அப்பா மறுகோடிக்குப் போய் 'தாகமே இல்லை' என்று நாள் முழுக்க வறண்டு கிடக்கவும் கூடாது. சோடியம் சரியான பிறகு, இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால், காபி, மோர் எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்று அவருடைய டாக்டர் சொல்லக்கூடும். அதைச் சாப்பாட்டோடும் மாத்திரையோடும் பிரித்து வைத்துக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம். இரவில் நாலு முறை எழுவதற்குப் பழியைத் தண்ணீர் மீதே போட்டுவிட வேண்டாம். 68 வயதில் புரோஸ்டேட்டையும் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) சர்க்கரையையும் பார்த்தாக வேண்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஆசிரியைகள் தண்ணீர் குடிக்காததற்குச் சோம்பல் காரணமில்லை என்பது என் கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு ஆசிரியையும் சொல்லித் தெரிந்துகொண்டது. குடித்தால் போக வேண்டும். போவதற்கு இடம் சரியில்லை. தாழ்ப்பாள் இருக்காது, அல்லது தண்ணீர் வராது, அல்லது மாணவிகளோடு வரிசையில் நிற்க வேண்டும், அல்லது வகுப்பை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தெரியாது. கேரளப் பள்ளிகளில் 2019இல் தொடங்கிய 'வாட்டர் பெல்' 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்கள், மகிழ்ச்சி. குடித்த தண்ணீர் போகிற இடத்துக்கு ஒரு வாளியும் தாழ்ப்பாளும் கேட்டு யார் மணி அடிப்பது?

அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, மாதவிடாய் நிற்காத வயதிலுள்ள, நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை வைத்து பல்கேரியாவில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018இல் வெளிவந்தது. பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை தொற்று வந்தது, இவர்களுக்கு 1.7 முறை. மாத்திரை இல்லாமல் பாதிக்கு அருகில் குறைந்திருக்கிறது. கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த 140 பேரில் ஒருவராக நீங்களும் இருந்திருக்கலாம். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு டம்ளர், பள்ளியில் மதியத்துக்குள் முக்கால் லிட்டர், வீடு திரும்பியதும் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். முட்டினாலும் முட்டாவிட்டாலும் இடைவேளையில் ஒருமுறை, உணவு இடைவேளையில் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். அடக்கிப் பழகினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாத பழக்கமும் சேர்ந்துகொள்ளும். போன முறை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கை இந்த முறை விழுங்குகிற வேலை வேண்டாம். வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல் வருகிறதென்றால் சிறுநீரை, எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்து, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். குளிர் காய்ச்சலும் விலாவில் வலியும் சேர்ந்து வந்தால் தண்ணீரை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

உங்கள் கணவரின் டாக்டர் சொன்னது சரி. இத்தாலியின் பார்மா நகரில் முதல்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டு கவனித்து 1996இல் வெளியிட்டார்கள். தண்ணீரைக் கூட்டிச் சிறுநீர் நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வரும்படி பார்த்துக்கொண்டவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கும், மற்றவர்களில் இருபத்தேழு பேருக்கும் கல் திரும்பி வந்தது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் சிறுநீர். கல் நோயாளி அளக்க வேண்டியது உள்ளே போவதையல்ல, வெளியே வருவதை. நான் இரண்டரை லிட்டர் கேட்பேன். மார்கழியில் மூன்று லிட்டர் குடித்தால் அது வந்துவிடும். சித்திரை வெயிலில், மின்விசிறியில்லாத கட்டடத்துக்குள் சுவரைக் குடைந்து வயர் இழுக்கிறவருக்கு அந்த மூன்று லிட்டரில் பாதி வியர்வையாகப் போய்விடும். நாலு, நாலரை தேவைப்படலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து மறுநாள் காலையின் முதல் சிறுநீர் வரை வருவதையெல்லாம் ஒரு பழைய கேனில் பிடித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிறு காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும், மறுநாள் காலையின் முதல் சிறுநீரைச் சேர்க்க வேண்டும். வேலை நாளில் இன்னும் குறைவாகத்தான் வரும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். படுக்கும் முன் ஒரு டம்ளர் அவருக்கு அவசியம், ஏனென்றால் இரவில்தான் சிறுநீர் கெட்டியாகிறது. எலுமிச்சைச் சாறு நல்லது, சர்க்கரையும் உப்பும் போடாமல். கால்சியக் கல் என்று கேள்விப்பட்டுப் பாலையும் தயிரையும் நிறுத்தியிருந்தால் திரும்பத் தொடங்கட்டும். குறைக்க வேண்டியது ஊறுகாயையும் அப்பளத்தையும். வாழைத்தண்டுச் சாற்றை நான் தடுக்க மாட்டேன். அதிலும் தண்ணீர்தானே இருக்கிறது.

மூவருக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தால் போதவில்லை. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போல வெளிர் மஞ்சளாக இருந்தால் நீங்களும் கணவரும் நிம்மதியாக இருக்கலாம். குழாய்த் தண்ணீர் போல நிறமே இல்லாமல் நாள் முழுவதும் போனால், அதுவும் அப்பா போன்றவருக்குப் போனால், வெற்றி என்று எண்ண வேண்டாம். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட நாளில் பளீர் மஞ்சளும், பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பும் வந்து பயமுறுத்தும். அந்த நாட்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்தால் டாக்டரிடம் போங்கள்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கலாமா, நின்றுகொண்டு குடித்தால் மூட்டு வலி வருமா, காபி உடலை வறளச் செய்யுமா என்பவை உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் அப்பா கேட்பார் என்று தெரியும். குடிக்கலாம், வராது, தினமும் குடித்துப் பழகியவரை வறளச் செய்யாது. காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அந்த ஒன்றரை லிட்டரோடுதான் சண்டை.

சோடியம் எத்தனை என்று முடிவு வந்ததும் எழுதுங்கள், மாத்திரைப் பெயரையும் சேர்த்து. மணி அச்சடித்த அந்தப் பாட்டிலை உங்கள் கணவரின் டூல்ஸ் பையில் வைத்து அனுப்பிவிடுங்கள். வெயிலில் அவருக்குத்தான் அது வேண்டும்.